ஊழியர்களின் தன்னார்வப் பணிக்கு நிறுவனங்கள் எவ்வாறு துணை நிற்கின்றன?

ஊழியர்கள் சமூகப் பணியில் ஈடுபட நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தர வேண்டியது நேரம். மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸ் ஆண்டுக்கு 7 நாட்கள் சம்பளத்துடன் தன்னார்வ விடுப்பு அளிக்கிறது. காலணி நிறுவனமான டிம்பர்லேண்ட் 1992-லேயே இத்தகைய திட்டத்தைத் தொடங்கிவிட்டது. ஆயினும் விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. விடுப்புக் கேட்டு வருபவரிடம் மேலாளர் ஒருமுறை முகம் சுளித்தால், அடுத்த ஆண்டு அந்தக் குழுவில் எவரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். மேலாளரே முன்வந்து கலந்துகொள்ளும் இடங்களில் இந்தத் தயக்கம் தானாகவே விலகுகிறது.

மைக்ரோசாஃப்ட் போன்ற சில நிறுவனங்கள், ஊழியர் உழைத்த மணிநேரத்தைக் கணக்கிட்டு, அந்தத் தொண்டு அமைப்புக்கே நன்கொடையும் வழங்குகின்றன.

என் பார்வையில் அதிகப் பயன் தருவது தொழில்திறன் சார்ந்த பணியே. கணக்காளர் ஒருவர் சுவருக்கு வண்ணம் பூசுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரே ஒரு சிறிய காப்பகத்தின் மேசையில் அமர்ந்து, உறைகளில் கலந்துகிடக்கும் ரசீதுகளை மாதவாரியாகப் பிரித்து, வரவு செலவை எழுதும் முறையை அங்குள்ளவருக்குக் கற்றுக்கொடுத்தால், அவர் போன பிறகும் அந்தப் பயன் நிலைக்கும். ஆகவே, நாளையும் பணியையும் நிறுவனம் தானாகவே முடிவுசெய்யாமல், தேவை என்னவென்று அந்த அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.