ரசீது இல்லாத செய்தி எந்தக் கணக்கில் வரும்?

கேள்வி: என் தம்பி சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறான். வட்டார நாளிதழ் ஒன்றின் செய்தியாளர், ‘பத்து நாள் உங்கள் செய்தி வரும், தொகை இவ்வளவு, ரசீது மட்டும் கிடையாது’ என்கிறார். நண்பர் ஒருவர் தம் கேபிள் சேனலில் இலவசமாகவே பேட்டி ஒளிபரப்புவதாகச் சொல்கிறார். இவை தேர்தல் செலவில் சேருமா? எதிர்த்து நிற்பவரின் கட்சிக்குச் சொந்தமாகத் தொலைக்காட்சியே இருக்கிறதே, அதை யார் கணக்கெடுப்பது?

பதில்: முதல் வேலையாகச் செய்தியாளரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய் என்று 2022-இல் உயர்த்தப்பட்டது. வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை வேட்பாளரும் அவருடைய முகவரும் செய்யும் செலவு இதற்குள் அடங்க வேண்டும். கட்சிகளுக்கோ வரம்பே கிடையாது. (இது என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

ஊடக விஷயத்தில் சட்டம் எண்ணுவது ரூபாயை மட்டுமே. எத்தனை வாக்கு திரும்பியது என்று அது பார்ப்பதில்லை. ஒரு நாளிதழ் தானாகவே உங்கள் தம்பியைப் பாராட்டித் தலையங்கம் எழுதினால், ஊர் முழுக்க ஒட்டிய சுவரொட்டிகளைவிட அது அதிகம் பேசப்படலாம். ஆனாலும் கணக்கில் ஒரு பைசா ஏறாது. அதே பாராட்டு பணத்துக்கோ வேறு கைம்மாறுக்கோ வந்தால் அது காசுக்கு எழுதிய செய்தி, செலவில் சேரும்.

ரசீது இல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். மாவட்டந்தோறும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறது. ஒரே கட்டுரை, அதே படத்தோடு, போட்டிப் பத்திரிகைகள் இரண்டில் வெவ்வேறு நிருபர்களின் பெயரில் வந்தால் சந்தேகம் எழும். ஒரே பக்கத்தில் எதிரெதிர் வேட்பாளர்கள் இருவருக்குமே வெற்றி உறுதி என்று எழுதிய வேடிக்கையும் நடந்திருக்கிறது. செய்தி வந்த 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் நோட்டீஸ் அனுப்புவார். 48 மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டால் குழுவின் முடிவே இறுதி. விளம்பரக் கட்டண வீதத்தில் அந்தச் செய்திக்கு விலை போட்டு உங்கள் தம்பியின் கணக்கில் ஏற்றிவிடுவார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் 2007-இல் வென்ற உமலேஷ் யாதவை, இத்தகைய செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக, 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. மத்தியப் பிரதேச அமைச்சராக இருந்த நரோத்தம் மிஸ்ராவும் 2017-இல் இதே காரணத்துக்காகத் தகுதியிழந்தார். ஆனால் அடுத்த ஆண்டே டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பணம் கைமாறியதை நிரூபிப்பது கடினம்தான். இருந்தாலும் டெல்லிவரை போய் வழக்காட ஒரு சுயேச்சைக்கு வசதி வேண்டுமே!

நண்பரின் சேனலுக்கு வருவோம். மற்ற வேட்பாளர்களையும் அழைத்துப் பேட்டி எடுத்தால் அது செய்தி. தயங்காமல் போகச் சொல்லுங்கள். தம்பியை மட்டும் தினமும் காட்டினால் குழு கண்ணை மூடிக்கொண்டிருக்காது. விளம்பரமாக ஒளிபரப்புவதென்றால் குறைந்தது 3 நாள் முன்பே விண்ணப்பித்து, அந்தக் குழுவிடம் முன்சான்று பெற வேண்டும்.

எதிரணித் தொலைக்காட்சிக்கும் விதி உண்டு. கட்சிக்குச் சொந்தமான சேனல் தன் வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்தால், அவர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காவிட்டாலும், சேனலின் வழக்கமான கட்டண அட்டைப்படி அந்த நேரத்துக்கான தொகையைக் கணக்கில் காட்ட வேண்டும். காட்டவில்லை என்று தோன்றினால் நாள், நேரம், பதிவு ஆகியவற்றோடு செலவினப் பார்வையாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கட்சியைப் பொதுவாகப் புகழும் நிகழ்ச்சி என்றால் அதை வேட்பாளர் தலையில் கட்டுவது சிரமம். இந்த ஓட்டை பெரியது.

தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தேர்தல் காலம் முழுவதும் சேர்த்து ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. டெபாசிட் பறிபோனாலும், முடிவு வந்த 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்கை ஒப்படைத்தாக வேண்டும்.