நான்காம் அடுக்குக்கு ஒரு 1729 உண்டா?

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். 1729 என்பது 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் வரும், 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் வரும் என்று மகள் படித்துவிட்டு, "நாலாம் அடுக்குக்கும் அப்படி ஒரு எண் இருக்குதாப்பா?" என்கிறாள். கால்குலேட்டரில் தட்டித் தட்டிப் பார்த்தேன், அகப்படவில்லை. இருக்கிறதா?

பதில்: இருக்குதுங்க. 63,53,18,657. அறுபத்து மூன்று கோடியைத் தாண்டுகிறது. இதைவிடச் சிறியது கிடையாது.

59⁴ + 158⁴ = 133⁴ + 134⁴

கால்குலேட்டரில் அகப்படாததில் வியப்பில்லை. 1 முதல் 158 வரை மட்டும் எடுத்தாலே 12,561 ஜோடிகள். ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையையும் மற்றதோடு ஒப்பிட வேண்டும்.

உங்கள் மகள் கேட்ட இதே கேள்வியை, 1729 பேச்சு வந்த அன்றே ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, கணிதமேதை ராமானுஜனிடம் கேட்டார். நம் ஈரோட்டில் 1887-இல் பிறந்த அந்த மனிதர் சற்று யோசித்துவிட்டு, சட்டென்று எதுவும் தென்படவில்லை, முதல் எண்ணே மிகப் பெரியதாக இருக்கும் என்றார். அவர் கணிப்பு சரி. அந்த எண்ணை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற சுவிஸ் கணித அறிஞர் கண்டுபிடித்திருந்தார். கணினி இல்லை, கையால்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

நீங்களும் கையாலேயே சரிபார்க்கலாம். 158 × 158 = 24,964. மண்டிக்காரருக்குச் சொல்லவா வேண்டும், அது 25,000-க்கு 36 குறைச்சல். அதை வர்க்கப்படுத்தினால் 62,50,00,000-இல் 18,00,000 கழித்து 1,296 கூட்ட வேண்டும்: 62,32,01,296. அப்புறம் 59-இன் நான்காம் அடுக்கு 1,21,17,361. இரண்டையும் கூட்டுங்கள். மறுபக்கம் 31,29,00,721, 32,24,17,936. அதே தொகை வரும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இந்த எண்ணின் காரணிகள்: 41 × 113 × 241 × 569. நான்கும் பகா எண்கள். ஒவ்வொன்றையும் 8-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1. இது தற்செயல் இல்லை. பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினால், அந்தத் தொகையை வகுக்கும் பகா எண் எதுவானாலும், 2-ஐத் தவிர, 8-ஆல் வகுக்க மீதி 1-தான் வரும். அதனால் 3, 5, 7, 11, 13 என்று வரிசையாக முயன்று நேரத்தை விரயம் செய்ய வேண்டாம். முதலில் 17, அது ஒத்துவராது. அடுத்தது 41, மீதியில்லாமல் வகுபட்டு 1,54,95,577 கிடைக்கும். கோபியில் நான் வகுப்பெடுத்த காலத்தில், இரண்டாவது முயற்சியிலேயே வகுபட்டதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்! அம்மிணியையும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, அவள் அடுத்து ஐந்தாம் அடுக்கைக் கேட்பாள். இரண்டு ஐந்தாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண் ஒன்றுகூட இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அப்படி ஓர் எண் இல்லவே இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை.