பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்க நீட் வேண்டுமா? முடித்தால் என்ன வேலை?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து கேட்ட தம்பிக்கு: நீட் வேண்டாம். இது மருத்துவக் கருவிகளைப் பற்றிய நான்கு வருட பி.இ. படிப்பு. பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கட்-ஆஃப். உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் கல்லூரியில் அடியிலிருந்து சொல்லித்தருவார்கள். ஆனால் முடித்தால் டாக்டர் ஆக முடியாது; வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடு.

நிஜமான சுமை எலக்ட்ரானிக்ஸும் கணக்கும்தான். இதயத்தின் மின் சிக்னலைப் பதிவுசெய்யும் ஈசிஜியை எடுத்துக்கொள். நெஞ்சின் மேல் கிடைக்கும் சிக்னல் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். சுவரில் ஓடும் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதை எளிதாக மூழ்கடித்துவிடும். அதற்குள்ளிருந்து துடிப்பைப் பிரித்தெடுக்க, சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர், இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் இவற்றோடு நிறைய மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எனக்கு அங்கேதான் படிப்பே பிடித்தது.

வேலை என்றால் மருத்துவமனையில் கருவிப் பராமரிப்பு, கம்பெனியில் சர்வீஸ், விற்பனை, டிசைன். நம் பக்கம் உப்புக்காற்று கருவிகளின் கனெக்டரை அரித்துவிடும், பராமரிப்பு ஆளுக்கு ஓய்வே இருக்காது.

அப்புறம், பயோமெட்டீரியல் என்று, மருத்துவத்துக்காக உடலில் பயன்படுத்தும் பொருட்களைப் பற்றி ஒரு பாடம் வரும். நம் கடலில் எடுக்கிற கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற ஜெல் போலாகும் பொருள் கிடைக்கிறது. காயத்துக்குப் போடும் கட்டுத்துணியிலும், பல் அச்சு எடுக்கும் மாவிலும் ஆல்ஜினேட் உண்டு. அந்த வகுப்பில் நீ கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.