பர்சனாலிட்டி என்பது உயரமா?

கேள்வி: 'நல்ல பர்சனாலிட்டி' என்கிறார்களே, அது அழகா, குணமா?
– வாசகி, தேனி

பதில்: நம் ஊர்ப் பேச்சில் அது பெரும்பாலும் உயரமும் உடற்கட்டும்தான். என் அக்காவுக்கு வரன் கொண்டுவந்த தரகர், போட்டோவைத் திண்ணையில் வைத்து, "பையன் ஆறடி, நல்ல பர்சனாலிட்டி" என்றார். "கோபம் வந்தால் என்ன செய்வான்?" என்று அம்மா கேட்டார். தரகரிடம் பதில் இல்லை. அம்மா கேட்டதுதான் சொல்லின் சரியான பொருள். லத்தீனில் 'பெர்சோனா' என்றால் நடிகர் அணியும் முகமூடி. அதன் வழிவந்த சொல் இன்று ஒருவரின் எண்ணம், உணர்ச்சி, நடத்தை எல்லாம் சேர்ந்த தனித்தன்மையைக் குறிக்கிறது. தமிழில் அதை 'ஆளுமை' என்கிறோம்; ஆளுதலைக் குறிக்கும் 'ஆள்' என்ற வினையடி அதில் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அப்புறம், 'இலக்கிய ஆளுமை' என்று மனிதரையே சொல்வதும் வழக்காகிவிட்டது. அதுவும் சரி. குள்ளமான பிள்ளையைப் பார்த்து 'பர்சனாலிட்டி இல்லை' என்பது மட்டும் தப்பு.