வந்த ஆளின் முன்னால் கையெழுத்து வைக்காதீர்கள்

தம்பி, ஈஸ்ட் ஹாமில் பழைய டெரஸ் வீடு வாங்கியிருக்கிறோம், யன்னல் எல்லாம் ஒற்றைக் கண்ணாடி, குளிருக்கு முதல் டபிள் கிளேசிங் (இரட்டைக் கண்ணாடி யன்னல்) போட வேண்டும், எந்தக் கொம்பனி நல்லது, இரண்டு கண்ணாடியா மூன்றா, வெள்ளையா சாம்பலா என்று கேட்டிருந்தீர்கள். நிறத்தை வீட்டில் கேட்டு முடிவெடுங்கள். லண்டன் குளிருக்கு மூன்று கண்ணாடி தேவையில்லை என்பது என் எண்ணம். கொம்பனிப் பெயர் சொல்லமாட்டேன். ஒரே கொம்பனியில் இந்தக் கிழமை வரும் ஃபிட்டர் கெட்டிக்காரர், அடுத்த கிழமை வருபவர் அவசரக்காரர். நான் சொல்ல வருவது வேறு. விலை சொல்ல வந்த ஆள் உங்கள் வீட்டில் இருக்கும்வரை எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

2003இல் வெம்பிளியில் எங்கள் முதல் வீட்டுக்கு ஒருவர் வந்தார். பின்னேரம் ஆறு மணி. மனைவி தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார். எட்டு யன்னலுக்கு முதலில் 9,800 பவுண்ஸ் என்றார். பிறகு ஒரு விலைக்கழிவு, பிறகு இன்னொரு விலைக்கழிவு. மனேஜருக்கு ஃபோன் எடுத்துக் கதைத்துவிட்டு, இன்றிரவு மட்டும் 6,400 என்றார். பத்து மணியாகியும் எழும்பவில்லை. வீட்டுக்கு வந்தவரைப் போகச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. பிள்ளைகள் நித்திரை, எனக்குக் காலையில் நாலு மணிக்கு வேலை. கையெழுத்து வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் அதே அளவு வேலையை 4,000க்குச் செய்வித்தார்.

இன்றிரவு தரும் விலையை அடுத்த கிழமையும் தருவார்கள். மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள், ஒவ்வொரு யன்னலுக்கும் தனித்தனியாக. வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம் என்று யாராவது தைரியம் சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள். அளவெடுத்துச் செய்யும் பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, யன்னல் அளவெடுத்துச் செய்வதுதானே. ரத்துச் செய்யும் விதி என்னவென்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் காசு. நான் வேலை முடிய முதலே முழுவதையும் கொடுத்துவிட்டேன். பின் அறை யன்னல் சரியாக மூடவில்லை, இடுக்கால் காற்று வந்தது. இரண்டு வருடத்தில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பனிப்புகார் மாதிரிப் படிந்தது. அப்படியென்றால் சீல் போய்விட்டது என்று அர்த்தம், துடைத்தாலும் போகாது. பத்து வருட உத்தரவாதக் கடதாசியை எடுத்துக்கொண்டு ஃபோன் செய்தால் இலக்கமே இல்லை, கொம்பனி மூடிவிட்டது. உத்தரவாதத்துக்குப் பின்னால், கொம்பனி மூடினாலும் செல்லும் காப்புறுதி இருக்கிறதா என்று அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். பெரிய கொம்பனி மூடாது என்றும் எண்ணாதீர்கள், பெரிய யன்னல் கொம்பனியான சேஃப்ஸ்டைல்கூட 2023இல் விழுந்தது. முற்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். அதையும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வேலையின் விலை 100 பவுண்ஸுக்கு மேல், 30,000 வரை என்றால், முற்பணம் மட்டும் கார்டில் போனாலும் யன்னல்காரர் ஏமாற்றினாலோ மூடினாலோ முழுத் தொகைக்கும் கார்ட் கொம்பனியும் பொறுப்பு.

எங்கள் சனத்தில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. கோயிலில் கண்ட தெரிந்த ஆள், காசாகக் கொடுத்தால் 20 வீத வற் வரி இல்லை, பில் இல்லை. என் மைத்துனர் அப்படித்தான் போட்டார். வீட்டை விற்கப் போனபோது வாங்குபவரின் சொலிசிட்டர், யன்னல் கட்டட விதிப்படி போடப்பட்டது என்று காட்டும் ஃபென்சா சேர்டிபிகேட் கேட்டார். 2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய யன்னலுக்கு அதுவோ அதைப் போன்ற இன்னொரு திட்டத்தின் சேர்டிபிகேட்டோ வேண்டும், இல்லாவிட்டால் கவுன்சிலின் கட்டடப் பிரிவு தரும் கடதாசி வேண்டும். ஒன்றும் இல்லை. விற்பனை ஆறு கிழமை இழுபட்டது. மிச்சம் பிடித்தது எவ்வளவு, மனவருத்தம் எவ்வளவு!

ஓர்டர் கொடுக்கும்போது மேல்மாடிப் படுக்கையறைகளுக்குத் தீ வந்தால் ஆள் வெளியேறக்கூடிய கீல் கேளுங்கள். தரையிலிருந்து 800 மில்லிமீற்றருக்குள் வரும் யன்னல் கண்ணாடி, உடைந்தாலும் ஆளை வெட்டாத பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். யன்னல் சட்டகத்தின் மேற்பக்கத்தில் வரும் சிறு காற்றுத் துவாரத்தைக் குளிர் வருமென்று வேண்டாம் என்காதீர்கள். எங்கள் வீடுகளில் சோறும் கறியும் கொதிக்கும் ஆவி போக வழியில்லாமல் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்ததை நான் எத்தனையோ வீட்டில் கண்டிருக்கிறேன்.

2016இல் இப்போதைய வீட்டுக்கு யன்னல் மாற்றும்போது ஃபிட்டர்களுடன் கூடவே நின்றேன். ஒவ்வொரு யன்னலிலும் ஒரு துண்டுக் கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், வழுகி வந்தால் மூடுகை தளர்வு. லைட்டர் சுவாலையைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். நாலு சுவாலை தெரியும், அதில் ஒன்று வேறு நிறமாக இருந்தால் வெப்பம் காக்கும் பூச்சு இருக்கிறது. இரண்டு யன்னலைத் திருப்பிச் சரிசெய்த பிறகுதான் கடைசிக் காசைக் கொடுத்தேன். அவர்கள் கோபிக்கவில்லை.

நான் வந்தது 1990 தையில். ஈஸ்ட் ஹாமில், உங்கள் பக்கம்தான், ஒரு அறையில் ஐந்து பேர். சாஷ் யன்னல் மேலே ஏறினால் இறங்காது. இடுக்கில் பேப்பரை மடித்துச் செருகுவோம். விடிய எழும்பினால் கண்ணாடியின் உட்பக்கத்தில் பனி உறைந்திருக்கும், நகத்தால் சுரண்டித்தான் தெருவைப் பார்ப்போம். அம்மாவுக்குக் கடிதத்தில் அதை எழுதியதேயில்லை. 2018இல் அவர் இங்கே வந்து நின்றபோது மாசி முடிவில் பெரிய பனி கொட்டியது. யன்னலடியில் கதிரையைப் போட்டு, சுவெட்டரும் இல்லாமல், பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று விலையும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள் தம்பி. ஞாயிறு பின்னேரம் இருந்து வரி வரியாக வாசித்துச் சொல்கிறேன்.