பயத்துக்கு ஓர் ஏணி: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான், "மனசை மாத்திக்கணும் அக்கா, எப்படின்னுதான் தெரியலை." மனசை நேராகப் பிடித்துத் திருப்ப எனக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லி ஓய்வு பெற்றவள் நான், டாக்டர் இல்லை. ஆனால் காலையும் கையையும் எப்படி நகர்த்தினால் மனசு பின்னாலேயே வரும் என்று கொஞ்சம் படித்திருக்கிறேன், கொஞ்சம் பார்த்தும் இருக்கிறேன்.

கே: மூன்று வருஷத்துக்கு முன் என்2 ஹைவேயில் ஒரு லாரி என் காரை இடித்தது. பெரிய அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஹைவே பக்கமே போவதில்லை. மகள் உம்லாங்காவில் இருக்கிறாள், அவள் வந்து கூட்டிப் போனால்தான் பேரனைப் பார்க்க முடியும். "மனசைத் திடமா வச்சுக்கோ" என்கிறார்கள். வைக்கத் தெரிந்தால் வைத்துக்கொள்ள மாட்டேனா? – வாசகி, சாட்ஸ்வர்த்

ப: கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன் அம்மா. உங்கள் கேள்விக்குப் பதில் தேடி அமெரிக்காவுக்கெல்லாம் போக வேண்டாம், நம் தென்னாப்பிரிக்காக்காரர் ஒருவரே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ஜோசப் வோல்பி, 1915-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நம் ராணுவத்தில் டாக்டராக இருந்தார். போரில் மிரண்டுபோய் வந்த சிப்பாய்களுக்கு ஊசி போட்டு மயக்கி, நடந்ததை எல்லாம் பேச வைத்துவிட்டால் குணமாகிவிடும் என்று அப்போது நம்பினார்கள். சிப்பாய்கள் பேசினார்கள், பயம் அப்படியே இருந்தது. இது சரிப்படாது என்று போருக்கு அப்புறம் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்துச் சோதனை செய்தார். ஒரு கூண்டில் மின்சார அதிர்ச்சி வாங்கிய பூனை, பசியில் செத்தாலும் அந்தக் கூண்டில் வைத்த தீனியைத் தொடாது. (பூனைகள் பாவம்தான், இன்றைக்கு இதற்கெல்லாம் லேசில் அனுமதி கிடைக்காது.) அதே பூனைக்கு, அந்த அறைக்குக் கொஞ்சமும் ஒற்றுமை இல்லாத வேறோர் அறையில் தீனி வைத்தார், தின்றது. அடுத்து கொஞ்சம் ஒற்றுமை உள்ள அறை, அங்கேயும் தின்றது. இப்படியே படிப்படியாகக் கிட்டே கொண்டுவந்து, கடைசியில் அந்தக் கூண்டுக்குள்ளேயே சாப்பிட வைத்துவிட்டார்.

இதே வழியை மனிதர்களுக்கும் கொண்டுவந்து 1958-ல் புத்தகமாக எழுதினார். அவருக்கு முன்னாலேயே, 1924-ல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி முயலைக் கண்டால் அலறும் ஒரு சின்னப் பையனுக்கு அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயலைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்திருக்கிறார், அவன் கடைசியில் முயலைத் தடவிக் கொடுத்தான். வோல்பி அதை ஒழுங்கான முறையாக்கினார். அவர் தந்த இன்னொரு நல்ல பொருள், பயத்துக்கு மார்க் போடுவது. பூஜ்யம் என்றால் நிம்மதி, 100 என்றால் உயிரே போகிற பயம்.

இப்போது ஒரு பேப்பரை எடுங்கள். நிறுத்தி வைத்த காரில் டிரைவர் சீட்டில் பத்து நிமிஷம் உட்காருவதற்கு எத்தனை மார்க்? 10 என்று வைத்துக்கொள்வோம். தெருவை ஒரு சுற்று சுற்றி வர 20. கடைக்குப் போய் வர 30. ஹிக்கின்சன் ஹைவேயில் கொஞ்ச தூரம் 45. மகள் ஓட்ட நீங்கள் முன் சீட்டில் உட்கார்ந்து என்2-வில் போக 55. ஞாயிற்றுக்கிழமை காலையில், லாரி அதிகம் இல்லாத நேரத்தில், நீங்களே ஓட்டி ஒரே ஓர் எக்ஸிட் தூரம் மட்டும் 70. மார்க் உங்களுடையது, நான் போட்டதை அப்படியே எழுதாதீர்கள். கீழ்ப்படியில் தொடங்கி, ஒரு படியில் பயம் பாதிக்கும் கீழே இறங்கிய அப்புறம்தான் அடுத்த படி. ஒரே படியில் இரண்டு வாரம் நின்றாலும் பரவாயில்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. பயம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்பாதீர்கள். திரும்பியதும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதிதான் விஷம். "ஓடினாயே, நல்ல வேளை, தப்பித்தாய்" என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்லும். மூன்று வருஷமாக உங்களுக்கு நடப்பது அதுதான். முடியவில்லை என்றால் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி, இறங்காமல் உட்கார்ந்திருங்கள். நம் கோயிலில் சாமி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். என்ன ஆட்டம் ஆடினாலும் ஏறின சாமி இறங்காமல் போனதுண்டா? பயமும் அப்படித்தான், ஆடிவிட்டு இறங்கும், அது இறங்குவதை நீங்கள் கூட இருந்து பார்க்க வேண்டும். உடம்பைத் தளர்த்திக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று வோல்பி நினைத்தார். பின்னால் வந்தவர்கள் சோதித்துப் பார்த்ததில், தளர்த்துவது கட்டாயமில்லை, பயப்படுகிற இடத்தில் போய் நிற்பதுதான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது என்று தெரிந்தது.

ஜன்னலை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொண்டு ஓட்டுவது கோழைத்தனம் இல்லை, அது நம் ஊரில் புத்தி. அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம், அந்த விபத்து கனவில் திரும்பத் திரும்ப வருகிறது, சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப்போடுகிறது என்றால் இந்த ஏணியைத் தனியாக ஏற வேண்டாம், மனநல நிபுணர் ஒருவரோடு ஏறுங்கள்.

கே: எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று கேட்டு ஜிம்மில் சேர்ந்தேன். 24-ம் நாளே நின்றுவிட்டது. எனக்கு மன உறுதியே இல்லையா? – வாசகர், பீனிக்ஸ்

ப: தம்பி, அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கைச் சரிசெய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக "குறைந்தது" 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். வாய்மொழியாகப் பரவியதில் "குறைந்தது" காணாமல் போய்விட்டது, மூக்கு ஜிம்மாகிவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்துப் பார்த்தபோது, ஒரு காரியம் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படியும், உடற்பயிற்சி மெல்லத்தான் படியும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் வரவில்லை என்பதையும் பார்த்தார்கள். 24-ம் நாள் நின்றதை 26-ம் நாள் தொடர்ந்திருந்தால் என்னிடம் கடிதமே வந்திருக்காது.

"இனிமேல் ஒழுங்காகப் போவேன்" என்று தீர்மானம் போடாதே. "வேலை முடிந்து கேட்டைத் தாண்டியதும் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே ஜிம்முக்குப் போவேன்; லோட்ஷெட்டிங்கில் கரண்ட் இல்லை என்றால் தெருவில் அரை மணி நடப்பேன்" என்று எழுது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் ஆய்வாளர் ஆராய்ந்த விஷயம். 2006-ல் 94 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் அதற்கு நல்ல பலன் தெரிந்தது. மன உறுதி இருக்கிறதா இல்லையா என்ற விசாரணையை விட்டுவிடு, கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று மட்டும் யோசி.

கே: மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே? – வாசகர், வெருளம்

ப: சுத்தப் பொய். உடம்பு எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் மூளை, ஆனால் சாப்பிட்ட சக்தியில் 20 சதவீதத்தை அதுவே விழுங்குகிறது. சும்மா கிடக்கும் பொருளுக்கு எந்த உடம்பு இவ்வளவு வாடகை கொடுக்கும்?

கே: ஆசைப்பட்டதைக் கண் மூடிக் கற்பனை செய்தால் கிடைத்துவிடும் என்று சொல்லித்தரும் இரண்டு நாள் முகாமுக்கு 3,500 ராண்ட் கேட்கிறார்கள். போகலாமா? – வாசகி, டோங்காட்

ப: போகாதே தங்கச்சி. கேப்ரியேலே ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் எடை குறைக்க வந்த பெண்களைக் கவனித்தார். "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. மெலிந்துவிட்டதாகவே இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்குக் குறைவாகத்தான் குறைந்தது. ஏற்கெனவே கிடைத்துவிட்டதுபோல் மனசு இளைப்பாறிவிடுகிறது என்பது அவர் சொல்லும் காரணம். ஆசையை நினை, உடனே அதற்குக் குறுக்கே நிற்கும் உன் சொந்த முட்டுக்கட்டையையும் நினை, அது வரும்போது என்ன செய்வாய் என்று முடிவுசெய் என்கிறார். இதற்கு ஒரு காசு ஆகாது. 3,500 ராண்டை பேங்கில் போடு.

கே: எனக்குப் படபடப்பு, தூக்கமில்லை. சைக்காலஜிஸ்ட்டிடம் போகிறேன் என்றால் அம்மா, "நமக்கென்ன பைத்தியமா? யாரோ கண்ணு வச்சிருக்காங்க" என்கிறார். – வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: அம்மாவோடு சண்டை போடாதே கண்ணு. அவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டால் போடட்டும், பாசத்தில் செய்வது. "நீங்க சுத்திப் போடுங்க, நான் போய்ப் பேசிட்டும் வர்றேன்" என்று சொல். எங்கள் ஆயாவும் அப்படித்தான், ஒரு கையில் விபூதி, மறு கையில் பனடால்.

அங்கே போனால் என்ன நடக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடு. உட்கார்ந்து பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள், வீட்டில் செய்து பார்க்கச் சில பயிற்சி தருவார்கள். நம் நாட்டில் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத முடியாது, அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை, அவர் மருத்துவம் படித்த டாக்டர். "ஊசி போட்டு மந்தமாக்கிவிடுவார்கள்" என்ற பயம் பல அம்மாக்களுக்கு இதைச் சொன்னதுமே பாதி போய்விடும். போகும் முன் அவர் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்முறை கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பார்த்துக்கொள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பதிவில்லாமல் போர்டு மாட்டி, என் சொந்தக்காரப் பெண்ணிடம் ஆறு மாதம் பணம் கறந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கே: எனக்கு 74 வயது. மனைவி போய் ஒன்றரை வருஷம். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். இளவயதில் ஏழு தடவை தீ மிதித்தவன், இன்று கேட்டைத் தாண்டக்கூட மனசு வருவதில்லை. இந்த வயதில் நிறைவான வாழ்க்கை என்று ஒன்று உண்டா? – வாசகர், மெரிபேங்க்

ப: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஏழு தடவை தீ மிதித்தீர்களே, அன்று காலையில் உங்களுக்கு மனசு வந்ததா என்று யாராவது கேட்டார்களா? நாள் குறித்திருந்தது, விரதம் இருந்தீர்கள், மஞ்சள் துணி கட்டினீர்கள், உடுக்கை அடித்தது, கால் போயிற்று. மனசு வந்த அப்புறம் போவது என்று இருந்தால் குழியைப் பார்த்ததும் பாதிப்பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மனச்சோர்வுக்கும் இதே ஒழுங்கில் ஒரு சிகிச்சை உண்டு. மனசு சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருக்காமல், நேரம் குறித்து வெளியே போவது, அப்புறம் மனசு எப்படி இருந்தது என்று எழுதி வைப்பது. 1996-ல் நீல் ஜேக்கப்சன் குழுவினர், எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சையையும், அதிலிருந்து இந்தச் செயல் பகுதியை மட்டும் பிரித்தெடுத்ததையும் ஒப்பிட்டார்கள். செயல் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்குச் சளைக்கவில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு கேட் வரை, வியாழன் அன்று கடை வரை. காலண்டரில் எழுதுங்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது கோயில் சமையல்கட்டில் ஆள் பற்றாமல் திண்டாடுவார்கள், வெங்காயம் உரிக்க 74 வயது தடை இல்லை. போன முதல் நாள் பிடிக்காது. இரண்டாம் நாளும் பிடிக்காமல் போகலாம். எழுதி வையுங்கள்.

ஹார்வர்டில் 1938-ல் 268 மாணவர்களைத் தொடர ஆரம்பித்த ஆய்வு ஒன்று உண்டு, பாஸ்டனின் ஏழைப் பகுதிப் பையன்கள் 456 பேரையும் பின்னால் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். 50 வயதில் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்கள் 80 வயதில் உடம்பிலும் தெம்பாக இருந்தார்கள் என்று அதை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். தொடங்கும்போது எல்லோரும் வெள்ளைக்கார ஆண்கள், நம் ஆட்கள் யாரும் அதில் இல்லை. உறவு நன்றாக இருந்ததால் உடம்பு தேறியதா, உடம்பு நன்றாக இருந்ததால் உறவு தேறியதா என்றும் கேட்கலாம். இருந்தாலும் நான் அதை ஒதுக்க மாட்டேன், ஏனென்றால் நான்கு பேரோடு வெங்காயம் உரிப்பதால் வரும் கெடுதல் என்று எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மனைவியை நினைத்து அழுகை வந்தால் அது நோய் இல்லை, ஐயா. ஆனால் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், ஆசை எல்லாமே விட்டுப்போய், இருந்து என்ன பயன் என்று தோன்றினால் உடனே கிளினிக்குக்குப் போய் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். நடு ராத்திரியில் தோன்றினால் சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் இலவசத் தொலைபேசி இருக்கிறது, 24 மணி நேரமும் ஆள் எடுப்பார்கள். அதன் எண்ணை இன்றே பெரிய எழுத்தில் எழுதி ஃபோன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஆடிக்கு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

கே: அக்கா, இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் இதையெல்லாம் செய்கிறீர்களா? – வாசகர், டர்பன்

ப: மாட்டிவிட்டாய். லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்த நாளில், டவுனில் ஒரு கட்டடத்து லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டேன், ஜெனரேட்டர் இருக்கிறது என்று போர்டு வேறு வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஆறாம் மாடி என்றாலும் படிதான், முட்டிவலியோடு. போன மாதம்தான் ஏணி போட்டேன். கதவு திறந்த லிஃப்டில் நிற்பது 25, முதல் மாடி 40, இப்போது இரண்டாம் மாடியில் இருக்கிறேன், 55. காரியம் எதுவும் இல்லாமல் வாரம் மூன்று நாள் வந்து இரண்டாம் மாடிக்குப் போய் வருவதைப் பார்த்து, அங்கே இருக்கும் செக்யூரிட்டி நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் என்று நினைத்து தினமும் குட்மார்னிங் சொல்கிறார்.