பரிசோதனை என்றாலே நண்பர் பேச்சை மாற்றுகிறார்

கேள்வி: நான் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலம் சார்லட் நகரில் வேலை பார்க்கிறேன். வயது 46. பத்து வருடமாக என்னோடு வேலை செய்யும் நண்பர் கருப்பினத்தவர், வயது 51. அவருடைய அண்ணனுக்கு 47 வயதில் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது தெரிந்து, இரண்டே வருடத்தில் காலமாகிவிட்டார். ஆனாலும் இவர், குழாய் விட்டுப் பெருங்குடலுக்குள் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி பரிசோதனையைச் செய்துகொள்ள மாட்டேன் என்கிறார். வற்புறுத்தினால் பேச்சை மாற்றிவிடுகிறார். "அண்ணன் வயிற்றைத் திறந்தார்கள், காற்றுப் பட்டுப் பரவிவிட்டது" என்று ஒருமுறை சொன்னார். கருப்பின மக்களிடம் இந்த நோய் பற்றிய விழிப்புணர்வு குறைவு என்று படித்தேன். உண்மையா? அல்லது அவர்களுடைய மரபணுவிலேயே இது அதிகமா? நண்பரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: உங்கள் கடிதத்தில் '47 வயதில்' என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்ட வரிசையிலேயே போவோம்.

கருப்பின அமெரிக்கர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெள்ளையினத்தவரைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம். அதனால் இறக்கும் வாய்ப்போ சுமார் 40 சதவீதம் அதிகம். இது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் கணக்கு. வருவதில் இருக்கும் வித்தியாசத்தைவிட இறப்பதில் இருக்கும் வித்தியாசம் பெரிதாக இருப்பதைக் கவனியுங்கள். தாமதமாகக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்த பிறகு சிகிச்சை சரியாகக் கிடைக்காததும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

மரபணுதான் காரணம் என்று சொல்பவர்களுக்கு நான் டெலவேர் மாநிலத்தைக் காட்டுவேன். 2000-களின் தொடக்கத்தில் அந்தச் சின்ன மாநிலம், காப்பீடு இல்லாதவர்களின் பரிசோதனைச் செலவை ஏற்றுக்கொண்டது. புற்றுநோய் என்று தெரிந்தால் சிகிச்சைச் செலவையும் ஏற்றது. தேதி வாங்கித் தருவது முதல் வண்டி ஏற்பாடு வரை கூடவே நின்று பார்த்துக்கொள்ள வழிகாட்டி நர்ஸுகளை நியமித்தது. 2002-ல் அங்கே கருப்பினத்தவரில் 48 சதவீதம் பேர்தான் பரிசோதனை செய்திருந்தார்கள். 2009-ல் அது 74 சதவீதம் ஆனது. வெள்ளையினத்தவரும் அதே 74. கருப்பினத்தவரிடம் இந்த நோயால் ஏற்படும் இறப்பு 42 சதவீதம் குறைந்து, மற்றவர்களுடைய அளவுக்குப் பக்கத்தில் வந்தது. ஏழு வருடத்தில் யாருடைய மரபணுவும் மாறிவிடாது.

இனி விழிப்புணர்வு. கருத்துக்கணிப்புகளில், பரிசோதனைகளின் பெயரே தெரியாதவர்களும், அறிகுறி வருவதற்கு முன்பே நோயைப் பிடிக்கலாம் என்று அறியாதவர்களும் கருப்பினத்தவரிடையே அதிகமாக இருந்தது உண்மை. ஆனால் ஒரே அளவு படிப்பும் வருமானமும் நிரந்தரமான குடும்ப மருத்துவரும் உள்ளவர்களை ஒப்பிடும்போது அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஒருவர் பரிசோதனைக்குப் போவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிப்பதில், 'டாக்டர் உங்களிடம் செய்துகொள்ளச் சொன்னாரா?' என்பதற்கான பதிலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் 'அவர்களுக்குத் தெரியவில்லை' என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. சொல்ல வேண்டியவர்கள் டாக்டர்களாகிய நாங்கள்.

என்னிடம் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது, பேருந்து ஓட்டுநர். மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்து எட்டு மாதம் கழித்து வந்திருந்தார். ரத்த அழுத்தத்துக்காக வருடா வருடம் டாக்டரைப் பார்த்தவர்தான். "இந்தப் பரிசோதனை பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையா?" என்றேன். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். கொலோனோஸ்கோப்பிக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சடித்த குறிப்பு. யாரோ கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்; உட்கார்ந்து விளக்கவில்லை. மடிப்பில் எழுத்தே அழிந்திருந்தது. அத்தனை நாள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். பரிசோதனைக் கட்டிலின் மேல் விரித்திருந்த காகிதத்திலேயே குடலை வரைந்து, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி எங்கே முளைக்கும், எப்படி எடுப்போம் என்று காட்டினேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பல வருடம் முன்பே அவர் கேட்டிருக்க வேண்டும்.

காற்றுப் பட்டால் பரவும் என்ற பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். முற்றிய நிலையில் வயிற்றைத் திறந்து, ஒன்றும் செய்ய முடியாமல் மூடி, சில மாதத்தில் ஆள் போய்விட்டால், பார்த்த குடும்பம் வேறு என்ன நினைக்கும்? புற்றுநோய் காற்றால் பரவுவதில்லை. கத்தி படும் முன்பே அது பரவியிருந்தது. மருத்துவர்கள் மேல் உள்ள அவநம்பிக்கைக்கும் வரலாறு இருக்கிறது. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயுள்ள சுமார் 400 கருப்பின ஆண்களுக்கு, அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்காமல் அரசு மருத்துவர்களே நோயை வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவரிடம் 'டாக்டரை நம்பு' என்று வெறுமனே சொன்னால் எடுபடாது.

நம்பிக்கை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பேசலாம். நியூயார்க்கில் முடிதிருத்தகங்களுக்கு வரும் கருப்பின ஆண்களுக்கு வழிகாட்டிகளைத் துணை வைத்துப் பார்த்தார்கள். பரிசோதனை செய்துகொண்டவர்கள் இரண்டு மடங்கானார்கள்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். உடன்பிறந்தவருக்கு நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முந்துகிறதோ அப்போதே தொடங்க வேண்டும். அதன்படி இவர் 37 வயதில் செய்திருக்க வேண்டும். பதினான்கு வருடம் தாமதம். வீட்டிலேயே மலம் எடுத்து அனுப்பும் ஃபிட் பரிசோதனை இவருக்குப் போதாது, கொலோனோஸ்கோப்பிதான் வேண்டும். முடிவு நன்றாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஒரு பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருடம்போல் ஆகும். அதற்குள் கண்ணில் பட்டால், குழாய் வழியாகவே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிடுவோம். வயிற்றைத் திறப்பதே இல்லை. இதை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அவருடைய பயம் அங்கேதான் இருக்கிறது.

புள்ளிவிவரத்தோடு தொடங்க வேண்டாம். அண்ணனைப் பற்றிக் கேளுங்கள். எப்படித் தெரிந்தது, என்ன சொன்னார்கள் என்று அவர் பேசட்டும். ஆண்மைக்கு இழுக்கு என்ற கூச்சமும் பலருக்கு உண்டு. மயக்கத்தில் இருப்பதால் எதுவும் தெரியாது என்பதைச் சாதாரணமாகச் சொல்லலாம். முந்தைய நாள் மருந்து குடித்துக் குடலைக் கழுவுவதுதான் சிரமமான பகுதி, அதை மறைக்காதீர்கள். குடல் துளைபடும் ஆபத்து உண்டு, மிக அரிது. இன்ஷூரன்ஸ் பற்றி: 45 வயதுக்கு மேல் வழக்கமான பரிசோதனைக்குப் பெரும்பாலான திட்டங்களில் கைக்காசு கிடையாது. குடும்ப வரலாறு இருந்தால் சில திட்டங்களில் கணக்கு மாறும் என்பதால் முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்களுக்கு 46. தொடங்கும் வயதை 45 ஆக அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு 2021-ல் குறைத்துவிட்டது. ஆசிய அமெரிக்கர்களும் இந்தப் பரிசோதனையில் பின்தங்கித்தான் இருக்கிறார்கள். நீங்கள் செய்துகொண்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை, ரத்தப் போக்கு போன்ற அறிகுறியும் இல்லை என்றால் உங்களுக்கு வருடம் ஒருமுறை ஃபிட் போதும். அதில் ரத்தம் தெரிந்தால் மட்டும் கொலோனோஸ்கோப்பி. உங்கள் பரிசோதனையை முதலில் முடித்துக்கொண்டு நண்பரிடம் போங்கள். கொலோனோஸ்கோப்பிக்கு மயக்கம் கொடுப்பதால் அன்றைக்கு அவர் கார் ஓட்டக் கூடாது. வீட்டுக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் இல்லாமல் பரிசோதனையே செய்ய மாட்டார்கள். "நான் வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.